புதன்கிழமைகளில் கடிதம் எழுதித் தரப்படும்

லோரியான், துறைமுகத்துக்குப் பின்தெரு.
நகராட்சிக் கிளையில் இரண்டாம் அறை.
ஒரு மேசை, மூன்று நாற்காலி,
மூன்றாவதில் எப்போதும் யாரோ மறந்துபோன குடை.
கதவில் என் பெயர், அர்மெல் கெரே.
அதன் கீழே சின்ன எழுத்தில்: பொது எழுத்தர்.

எழுதத் தெரியாதவர்கள் வருகிறார்கள்.
தெரிந்தும் கை நடுங்குகிறவர்கள் வருகிறார்கள்.
வாடகை பாக்கி, விவாகரத்து, ஓய்வூதியம்,
பக்கத்து வீட்டுச் சேவல்.
எல்லாக் கடிதமும் ஒரே மாதிரிதான் முடியும்:
"எனது மேலான மரியாதையின் வெளிப்பாட்டை
ஏற்றருளுமாறு வேண்டுகிறேன், ஐயா."
ஏமாற்றியவனுக்கும் அதே மரியாதை.
எங்கள் பிரெஞ்சில் கோபம்கூட
கோட்டு மாட்டிக்கொண்டுதான் தெருவில் இறங்கும்.

நவம்பரில் கூல்வென் வந்தார்.
முப்பத்தொரு வருடம் இழுவலைப் படகில் இருந்தவர்.
மேசைமேல் மின்கட்டணச் சீட்டை வைத்து
உள்ளங்கையால் நீவிவிட்டார்.
"இரண்டு மடங்கு போட்டிருக்கிறார்கள். நான் ஒண்டி ஆள்."
காரணம் ஏதாவது உண்டா என்றேன்.
தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து
அதனிடம் சொல்வதுபோலச் சொன்னார்:
"அவள் போனபிறகு
மாடி விளக்கை அணைக்க யாரும் இல்லை."

மின் நிறுவனத்துக்கு அது எதற்கு?
மீட்டர் எண், தேதி, மறுபரிசீலனைக் கோரிக்கை,
நான்கு பத்தி, மரியாதையின் வெளிப்பாடு.
கையெழுத்துப் போட்டார்.
அவர் முதுகு மழைக்குள் மறையும் முன்பே
என் கை பைக்குள் இருந்தது,
நோட்டைத் தேடி.

பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுதான்.
ஊதாக் கோடுகள், இடப்பக்கம் சிவப்பு ஓரம்.
இரவில் சிக்கரி காபி ஆறிப்போகும்வரை
அதில் எனக்காக எழுதுகிறேன்.
எனக்காக என்றுதான் நினைத்திருந்தேன்.
பதினோரு வருடத்தில் ஒன்பது நோட்டு.
புரட்டினால்
எது நான் யோசித்தது,
எது எதிர் நாற்காலியில் விட்டுப்போனது,
எனக்கே பிடிபடுவதில்லை.
குடையை மறந்தவர்கள் திரும்பி வருவார்கள்.
வாக்கியத்தைக் கேட்டு
யாரும் வந்ததில்லை.

கூல்வென் வந்தார்.
மூன்று வாரம் கழித்து, செய்தித்தாளில் பொதிந்த
சிப்பிகளோடு.
கட்டணத்தில் பாதியைக் குறைத்துவிட்டார்களாம்.
நன்றி சொன்னார், ஆனால் எழுந்திருக்கவில்லை.
"மகள் கடிதத்தின் நகலைப் படித்துக் காட்டினாள்.
விளக்கைப் பற்றி ஒன்று சொன்னேனே,
அது எங்கே?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.
நோட்டைத் திறந்தேன்.
காது மடல் சூடேற
இரண்டு வரியைப் படித்தேன்.
வெளியே ஒரு கடற்காகம்
குப்பைத் தொட்டியோடு வழக்காடிக்கொண்டிருந்தது.

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு,
"இது அழகாயிருக்கிறது.
நான் இப்படிச் சொல்லவில்லை.
அணைக்க யாரும் இல்லையா?
நான் இருக்கிறேனே.
தினமும் அந்தப் படிக்கட்டைக் கடந்துதான் படுக்கப் போகிறேன்.
நான் அணைக்கவில்லை. அவ்வளவுதான்.
அப்படி எழுது."

எழுது என்றார். எழுதுங்கள் என்று சொல்லவில்லை.
இந்த அறைக்குள் என்னிடம் யாரும்
'நீ' சொன்னதில்லை.

அடித்துவிட்டு எழுதினேன்.
நான் அணைக்கவில்லை.
பழைய வரி ஓசையோடு முடிந்திருந்தது.
இது முடியாமல்
சிவப்பு ஓரத்தைத் தாண்டி நின்றது,
அரைகுறையாய்ச் சாத்திய கதவுபோல.
தலையைச் சாய்த்துப் பார்த்தார்.
படிக்க வராதவர், ஆனாலும் பார்த்தார்.
சரி என்று தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

சிப்பிகளிலிருந்து கடல்நீர் கசிந்து
விண்ணப்பப் படிவங்கள் இரண்டை நனைத்திருந்தது.

அடுத்து உள்ளே வந்தவர் சேவல்காரரின் பக்கத்து வீட்டுக்காரர்.
ஆறாவது புகார்.
"வழக்கம்போலத்தானே அம்மணி,
விடியுமுன் கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது..."

பேனாவை மூடி வைத்தேன்.
எப்படிக் கூவுகிறது என்று கேட்டேன்.
அவர் முதலில் சிரித்தார்.
பிறகு கண்ணை மூடிக்கொண்டு
யோசிக்க ஆரம்பித்தார்.